ஒரே மேசையில்: அம்பேத்கர், ஜான் டூயி, நியூயார்க்

எங்க தெருவுல அம்பேத்கர் படம் இல்லாத வீடு கம்மி. காலண்டர்ல இருப்பார், சுவத்துல நீலப் பெயிண்டுல இருப்பார், முனையில சிமெண்டுச் சிலையா நிப்பார். எல்லாத்துலயும் அதே கோட்டு, அதே கண்ணாடி, கையில புத்தகம். ஊர்த்தெரு ஆட்கள் கேட்கிற கேள்வியும் மாறுவதில்லை. "ஏழைங்களோட தலைவருன்னு சொல்றீங்க, வெள்ளைக்காரன் கணக்கா கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரே?"

படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்பார்கள். காந்தி கோட்டைக் கழற்றினார், அம்பேத்கர் மாட்டிக்கொண்டார் என்பார்கள். கழற்றி எறிவதற்கு முதலில் போட்டுக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும். சட்டை போட்டதுக்கும் செருப்பு மாட்டுனதுக்கும் அடி வாங்கின சனத்துகிட்ட வந்து எளிமையைப் பத்திப் பேசறது ரொம்பச் சுலபம். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது கோட்டைப் பற்றியல்ல. கோட்டுக்குள் இருந்த ஆள் எந்த ஊரில், யாரோடு உட்கார்ந்து யோசிக்கப் பழகினார் என்பதைப் பற்றி.

இதில் இரண்டு தரப்பும் தப்பு செய்கிறது. எதிரிகள், அவரிடம் இருப்பதெல்லாம் மேல்நாட்டில் கடன் வாங்கியது என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப்போய் நாம் அவரைச் சுயம்புவாக்கி விடுகிறோம். யாரிடமும் எதுவும் கற்காமல் தானாக முளைத்தவர் மாதிரி மேடையில் பேசுகிறோம். சாமிதான் சுயம்பு. மனுசனுக்கு வாத்தியார் உண்டு, கூட்டாளி உண்டு, அவசரத்துக்குக் கடன் கொடுத்தவன் உண்டு. அதையெல்லாம் மறைத்தால் அவரைச் சிலையாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் போய் இறங்குகிறார். வயது 22. அப்பா ராம்ஜி அந்த வருசம் பிப்ரவரியில்தான் இறந்திருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருசத்துக்கு. திரும்பி வந்து பத்து வருசம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்துத்தான் பம்பாயில் இருந்த ரமாபாய்க்கும் அனுப்ப வேண்டும்.

முதலில் ஹார்ட்லி ஹால் என்ற மாணவர் விடுதி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இந்திய மாணவர்கள் தங்கியிருந்த காஸ்மோபாலிட்டன் கிளப். அப்புறம் லிவிங்ஸ்டன் ஹால். அங்கே அறைத்தோழராக வாய்த்தவர் நவல் பதேனா என்ற பார்சி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் ஒரு விசயத்தைக் குறிப்பிடுகிறார். அமெரிக்க மாணவர்களோடு சரிசமமாகப் பழகியதும், விரிப்பு போட்ட மேசையில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதும் அம்பேத்கருக்கு ஒரு புது உலகமாக இருந்ததாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். மேசையில சாப்பிட்டாரு, சரி, மேல சொல்லு என்பார்கள். நம்மால் தாண்ட முடியாது. சாத்தாராப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துத் தனியாக உட்கார்ந்தவன். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். பியூன் வரலேன்னா அன்னிக்கு தாகத்தோடதான் வீடு திரும்பணும். அந்தப் பையன் 22 வயதில் ஒரு மேசையில் போய் உட்கார்கிறான். பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திரிக்கவில்லை. இதை அனுபவித்தவனுக்குத்தான் இது சம்பவம்.

நியூயார்க்கை அவர் சுற்றிப் பார்த்தது குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படித்ததாகச் சொல்கிறார்கள். அவருக்கு அந்த நகரம் என்பது பெரும்பாலும் நூலகம், வகுப்பறை, பழைய புத்தகக் கடை. வயிற்றைக் கட்டி வாங்கிய பழைய புத்தகங்கள் ஏறக்குறைய 2000. எடுத்த பாடங்களின் கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5. மானிடவியல், அரசியல் எல்லாம் தனி. கணக்குப்படி பார்த்தால் அவர் பொருளாதார மாணவர். செலிக்மன் என்ற பேராசிரியரிடம்தான் ஆய்வு. ஆனால் ஆயுசு முழுக்கக் கூடவே வந்தது அந்த ஐந்து தத்துவப் பாடங்களில் உட்கார்ந்திருந்த வாத்தியார். ஜான் டூயி.

1914இல் அம்பேத்கர் டூயியின் வகுப்புக்குப் போனபோது டூயிக்கு 55 வயது. உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர். ஆனால் பேச்சாளர் என்று பார்த்தால் சுமார்தான். மெதுவாகப் பேசுவார், நடுநடுவே நிறுத்திவிடுவார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தயாரித்துக் கொண்டுவந்ததை ஒப்பிக்காமல், அந்த இடத்திலேயே யோசிப்பார். சில பையன்களுக்குத் தூக்கம் வரும்.

இந்த மனிதரிடம் அம்பேத்கருக்கு அப்படி என்ன ஈர்ப்பு? நான் நினைக்கிற காரணம் இது. நம்ம நாட்டில் அறிவு என்றால் முடிந்துபோன ஒன்று. ரிஷி சொல்லிவிட்டார், குரு ஓதுகிறார், சீடன் திருப்பி ஓதுகிறான். அதுவும் எல்லோருக்கும் கிடையாது. வேதத்தைக் காதில் வாங்கிய சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே இந்தக் கதி, அவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட தேசத்திலிருந்து போனவர் முன்னால் ஒரு பெரிய அறிஞர் உட்கார்ந்து, முடியாத யோசனையை முடியாததாகவே வெளியில் வைக்கிறார். தடுமாறுகிறார், திருத்துகிறார். வா, நீயும் யோசி என்று கூப்பிடுகிற மாதிரி. யோசிக்கிறவன் தன் தடுமாற்றத்தை இன்னொருத்தன் பார்க்க விடுகிறான் என்றால் அவனைச் சமமாக மதிக்கிறான் என்று அர்த்தம். சாப்பாட்டு மேசையில் நடந்ததுதான் வகுப்பறையிலும் நடந்தது.

டூயியின் ஒவ்வொரு வார்த்தையையும் அம்பேத்கர் குறித்துக்கொண்டார் என்றும், அவருடைய வகுப்புகளை வரி பிசகாமல் தன்னால் திருப்பிச் சொல்ல முடியும் என்று நண்பர்களிடம் சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு.

சரி, இதை நட்பு என்று சொல்லலாமா? ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பார்த்த வாத்தியார் ஒருத்தர். கடைசி பெஞ்சில் குறிப்பெடுத்த வெளிநாட்டுப் பையன் ஒருத்தர். ஒருபக்கக் காதல் மாதிரி ஒருபக்க நட்பா என்று யாராவது கிண்டல் பண்ணலாம். ஆனால் அந்தச் சொல்லைப் போட்டது நானில்லை. கொலம்பியாவின் பழைய மாணவர்களுக்கான இதழ் ஒன்றில் 1930இல் அம்பேத்கரே சொன்னது. தன் வாழ்க்கையில் கிடைத்த நல்ல நண்பர்கள் என்றால் கொலம்பியாவில் கூடப் படித்தவர்களில் சிலரும், அங்கே இருந்த பெரிய பேராசிரியர்களும்தான் என்றார். டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் என்று பெயரும் சொன்னார்.

அந்த வருசத்தைக் கவனியுங்கள். 1927இல் மகாத் குளத்தில் இறங்கி, மனுஸ்மிருதியைக் கொளுத்தியாகிவிட்டது. 1930 மார்ச்சில் நாசிக்கில் காலாராம் கோயில் போராட்டம் தொடங்கியாகிவிட்டது. லட்சக்கணக்கான சனம் பின்னால் நிற்கிறது. வட்டமேசை மாநாட்டுக்குப் போகப் போகிறார். அப்படி இருந்தவர், என் நல்ல நண்பர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நகரத்தில் என்கிறார். அவரைத் திட்டுவதற்கு இதை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இதை இந்த நாட்டின் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையாகத்தான் படிக்கிறேன்.

நட்பு என்றால் நமக்குத் தெரிந்த நட்பு எது? எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டாளி இருந்தான், ஊர்த்தெருப் பையன். புளியம்பழம், பம்பரம், பரீட்சை விடை எல்லாத்துலயும் பங்கு. ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணைக்குக் கீழேயே நிற்கச் சொன்னார்கள். தாகம் என்றதும் கையைக் குவிக்கச் சொல்லி அவன் அம்மா தூக்கி ஊற்றினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளும் நாங்கள் கூட்டாளிகள்தான், புளியம்பழத்தில் பங்குதான். ஆனால் எங்கள் நட்புக்கு எல்லை எது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. வாசற்படி வரை வந்து நின்றுவிடுகிற நட்புதான் சாதி நமக்கு விட்டுவைத்தது. மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம், படி மட்டும் தாண்ட மாட்டோம்.

1916 மே மாதம் கோல்டன்வைசர் என்ற மானிடவியல் பேராசிரியரின் கருத்தரங்கில் அம்பேத்கர் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 25 வயசு. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இன்றைக்கும் ஆணவக் கொலைச் செய்தி வரும்போதெல்லாம் அந்தக் கட்டுரை ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்த மாதமே லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. உலகப்போர் நேரம். அவர் ஒரு கப்பலில் வந்தார், சாமான் இன்னொரு கப்பலில். சாமான் வந்த கப்பலை நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்துவிட்டது. சேர்த்த புத்தகங்களில் பெரும்பகுதி கடலுக்குள். நஷ்டஈடாக வந்த 600 ரூபாயை வைத்துக்கொண்டுதான் பரோடாவுக்கே போனார் என்கிறார் கீர்.

பரோடாவில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். தமிழில் படிக்கக் கிடைக்கிறது, பலர் படித்திருப்பீர்கள். அதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஐந்து வருசத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அழிந்துபோயிருந்தது என்கிறார். பரோடா ஸ்டேசனில் இறங்கி எங்கே தங்குவது என்று யோசித்தபோதுதான் அது திரும்பி வருகிறது. இந்து ஓட்டலில் இடம் கிடைக்காது. பார்சிக்காரர் சத்திரத்தில் பார்சிப் பெயரை எழுதிக்கொடுத்துத் தங்குகிறார். ஆளில்லாத மாடி, உடைசல் சாமான்கள், ஒரு மங்கல் விளக்கு. பதினோராம் நாள் காலையில் கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் படியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு, இல்லாவிட்டால் தொலைந்தாய். இந்து நண்பர் ஒருவரிடம் போனார், கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடம் போனார். இரண்டு பேருமே சாக்குச் சொன்னார்கள். நான் சொன்ன அந்த வாசற்படி. ராத்திரி பம்பாய் ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். கொலம்பியா எம்.ஏ.

இப்போது அந்த நவல் பதேனாவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அவரும் பார்சிதான். 1920இல் விட்ட படிப்பை முடிக்க அம்பேத்கர் மறுபடி லண்டன் கிளம்பியபோது கோலாப்பூர் மகாராஜா கொஞ்சம் கொடுத்தார், நவல் 5000 ரூபாய் கடனாகக் கொடுத்தார். கடைசிவரை அந்த நட்பு நின்றது. தடி எடுத்தவர்களும் பார்சி, பணம் எடுத்துக் கொடுத்தவரும் பார்சி. நவல் மகா உத்தமர், மற்றவர்கள் கெட்டவர்கள் என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நவலும் அம்பேத்கரும் சந்தித்தது பரோடாவாக இருந்திருந்தால்? ஒருவன் சத்திரத்துக்காரன், ஒருவன் பொய்ப்பெயரில் தங்கியவன் என்று ஆகியிருக்கும். லிவிங்ஸ்டன் ஹாலில் இரண்டு பேரும் வெறும் மாணவர்கள், ஒரே அறை. மனுசனை மனுசன் சந்திக்கிறதுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. மனசு மட்டும் நல்லதாக இருந்தால் பத்தாது.

அம்பேத்கர் டூயியிடமிருந்து எடுத்துக்கொண்டதும் இதைத்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தத்துவம்தான், ஆனால் திராட்சைப் பழம் அளவுக்கு எளிமையானது.

எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் சவ்வூடு பரவல் என்று பாடம் வரும். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிவிடும். தோல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. டூயி இந்த விஞ்ஞானச் சொல்லைச் சமூகத்துக்கு எடுத்துப் போட்டார். 1916இல் வந்த 'ஜனநாயகமும் கல்வியும்' புத்தகத்தில் வருகிறது. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே அனுபவம் இப்படிக் கசிந்து போய்வர வேண்டும். போக்குவரத்து அடைத்துப்போனால் ஆண்டவன், ஆளப்பட்டவன் இரண்டு பேருமே வற்றிப்போகிறார்கள். ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமல்ல, சேர்ந்து வாழ்கிற முறை, அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிற முறை என்பது டூயியின் அடிப்படை வாதம்.

லண்டனில் 1917 தொடக்கத்தில் அம்பேத்கர் அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறார். அவர் படித்த பிரதி பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் இருக்கிறது. 1919இல் வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ கமிட்டி முன் சாட்சியம் சொல்லும்போது இந்தச் சவ்வூடு பரவலை எடுத்து வைக்கிறார். வாத்தியார் வகுப்பில் பேசியதைச் சீடன் சர்க்கார் கமிட்டியில் ஆயுதமாக்குகிறான். இந்துக்களுக்கும் தீண்டத்தகாதவர்களுக்கும் நடுவே கசிவே கிடையாது, அதனால் அவர்கள் எங்களுக்குப் பிரதிநிதியாக முடியாது என்பது வாதத்தின் சாரம். 1936இல் லாகூரில் பேச எழுதி, அழைத்தவர்களே பயந்து மாநாட்டை ரத்து செய்ததால் சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சடித்த சாதி ஒழிப்பு உரையிலும் அதுவே வருகிறது. அந்த உரை வெகுசீக்கிரமே தமிழுக்கு வந்துவிட்டது. 1937 இரண்டாம் பதிப்பு முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதாக அவரே எழுதுகிறார். தமிழில் கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு. ஆக டூயியின் யோசனை ஈரோட்டு வழியாகவும் நம்மிடம் வந்திருக்கிறது. வாங்கிய நாம்தான் யாரிடமிருந்து என்று கேட்கவில்லை.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ஒளித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த உரையில் டூயியின் வாக்கியங்கள் பல இடங்களில் மேற்கோள்குறி இல்லாமலே வருகின்றன. ஆய்வாளர் அருண் முகர்ஜி 2009இல் எழுதிய கட்டுரையில் இதை வரிவரியாக வைத்துக் காட்டியிருக்கிறார். இன்றைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவன் இப்படிச் செய்தால் கைடு விடமாட்டார். "பாத்தியா, உங்க ஆளு காப்பியடிச்சிருக்காரு" என்று சொல்ல நாளைக்கே ஆள் வரும்.

இரண்டு விசயம் சொல்கிறேன். ஒன்று, அதே உரையில் டூயியைப் பெயர் சொல்லி, என் ஆசிரியர், நான் மிகவும் கடன்பட்டவர் என்று எழுதியிருக்கிறார். திருடுகிறவன் வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகமாட்டான். இரண்டாவதுதான் முக்கியம். எடுத்ததை எங்கே கொண்டுபோய் நட்டார் என்று பாருங்கள். தன் நலனை மட்டும் பார்த்து மற்றவர்களோடு கலக்காமல் ஒதுங்கும் குழுக்களிடம் சமூக விரோத மனப்பான்மை இருக்கும் என்று டூயி பொதுவாக எழுதினார். தனிமைப்பட்ட தேசங்கள், பணக்காரர் ஏழை, பள்ளிக்கூடத்துக்கும் வெளிவாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி என்பதெல்லாம் அவருக்கு உதாரணம். அம்பேத்கர் அந்த வாக்கியத்தில் சாதியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். உடனே வாக்கியத்தின் குணமே மாறிவிட்டது. டூயிக்குக் குறைபாடு என்று தெரிந்தது, இங்கே மதத்தின் அங்கீகாரம் பெற்ற ஏற்பாடு. டூயி பள்ளிக்கூடத்தைச் சரிசெய்தால் போதும் என்று நம்பக்கூடியவர். அம்பேத்கருக்குச் சாஸ்திரத்தின் மேல் வெடி வைக்க வேண்டியிருந்தது. வாத்தியாரின் சொல்லை வைத்தே வாத்தியார் போகாத இடத்துக்குப் போனார். இதற்குப் பெயர் காப்பி என்றால் தத்துவ உலகத்தில் காப்பியடிக்காதவர் யாருமில்லை.

நியூயார்க்கைப் பற்றி ரொம்ப உருகிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மேட்டுக்குக் கிழக்கே, கீழே ஹார்லெம். அம்பேத்கர் படித்த அதே வருசங்களில்தான் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி அங்கே வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். நகரத்தின் எல்லா மேசையும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. வெளிநாட்டு மாணவனை உட்காரவைத்த ஊர் தன் சொந்தச் சேரியைக் கீழே வைத்திருந்தது. டூயி இந்த விசயத்தில் வாய்மூடி இருந்தவரில்லை, 1909இல் கறுப்பின மக்கள் உரிமைக்கான சங்கம் தொடங்க விடுத்த அழைப்பில் அவர் கையெழுத்தும் உண்டு. ஆனால் அவருடைய தத்துவப் புத்தகங்களில் நிறவெறி நம்ம ஆளு புத்தகங்களில் சாதி வருகிற மாதிரி நடுவில் வந்து உட்காரவில்லை. அது டூயியின் குறை. வாத்தியார் என்பதால் விட்டுவிடத் தேவையில்லை.

1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நான் இந்தியாவின் தீண்டத்தகாதவர்களில் ஒருவன், உங்கள் மக்களின் பிரச்சினையைப் படித்து வந்திருக்கிறேன், இருவர் நிலைமைக்கும் ஒற்றுமை அதிகம், ஐ.நா.வுக்கு உங்கள் மக்கள் கொடுக்கும் மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டு. டுபாய்ஸ் பதில் எழுதினார். மேட்டிலிருந்து கீழே இறங்க முப்பது வருசம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் இறங்கினார்.

கடைசியாக 1952. அது அவருக்குத் தோல்வியின் காலம். இந்து சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதால் 1951இல் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். 1952 ஜனவரியில் முதல் பொதுத்தேர்தலில் வடபம்பாய்த் தொகுதியில் தோற்கடித்தார்கள். அரசியல் சட்டம் எழுதியவருக்கு அவர் நகரம் கொடுத்த மரியாதை. உடம்பும் கெட்டுவிட்டது. அந்த நேரத்தில் கொலம்பியா அவரைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுக்கிறது. ஜூன் 5ஆம் தேதி விழா. டூயிக்கு 92 வயது, அதே நியூயார்க்கில்தான் இருக்கிறார். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு கிளம்புகிறார். ஜூன் 1ஆம் தேதி டூயி இறந்துவிடுகிறார். மனைவி சவிதாவுக்கு எழுதிய கடிதத்தில், டூயியைப் பார்க்கக் காத்திருந்தேன், நம்ம விமானம் ரோமில் இருந்தபோது இறந்துபோனார், என் அறிவு வாழ்க்கை முழுவதற்கும் அவருக்கே கடன்பட்டிருக்கிறேன் என்கிறார். முப்பத்தாறு வருசம் கழித்துத் தேடிப் போனவருக்கு நாலு நாள் பாக்கி.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டே வருசம் கழித்து, 1954 அக்டோபரில் வானொலியில் பேசும்போது, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்ற என் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, அதன் வேர் அரசியலில் இல்லை, மதத்தில் இருக்கிறது, என் ஆசான் புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். எது உண்மை? எல்லாம் டூயியா, எல்லாம் புத்தரா?

எனக்குத் தோன்றுவது, இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. பழையதில் இருக்கும் செத்த கட்டையையெல்லாம் பிள்ளைகளிடம் தள்ளிவிடாதே, எது நாளைய சமூகத்துக்கு உதவுமோ அதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடு என்பது டூயியின் பாடம். சாதி ஒழிப்பு உரையில் அம்பேத்கர் டூயியைப் பெயர் சொல்லிக் காட்டுவது இந்த இடத்தில்தான். அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவின் பழமைக்குள் போய்த் துழாவினார். வேதம், மனு எல்லாம் கட்டை. துழாவின கைக்குப் புத்தர் கிடைத்தார். அந்தப் புத்தரையும் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை, கேள்வி கேட்டு, கழித்து, 'புத்தரும் அவர் தம்மமும்' என்று தானே எழுதினார். தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் டூயி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் புத்தர். சேர்ந்து வாழ்தல் என்று டூயி சொன்னதற்கு அவர் பௌத்தத்தில் வைத்த பெயர் மைத்ரி. சகோதரத்துவம் என்பதைவிட மைத்ரிதான் சரியான சொல் என்று எழுதியிருக்கிறார். மைத்ரி என்றால் சிநேகம்தானே. ஆனந்தர் ஒருமுறை நல்ல நண்பர்கள் வாய்ப்பது அறவாழ்வில் பாதி என்றாராம். புத்தர் திருத்தினார், பாதியில்லை, முழுசும் அதுதான் என்று. கல்யாண மித்திரர் என்று அந்த நண்பருக்குப் பெயர்.

பம்பாய் தாதரில் கட்டிய வீட்டுக்கு அவர் ராஜகிருகம் என்று பெயர் வைத்தார். புத்தர் நடமாடிய பழைய நகரத்தின் பெயர். கடலில் போன நியூயார்க் புத்தகங்களுக்குப் பதிலாக அந்த வீட்டை நிறைத்துப் புத்தகம் வாங்கிப் போட்டார். ஒரு நகரத்தின் பெயர் தாங்கிய வீட்டில் இன்னொரு நகரத்தில் பிடித்த பழக்கம்.

சவிதா அம்மையார் ஒரு விசயம் சொல்லியிருக்கிறார். டூயி வகுப்பில் எப்படி நிற்பார், எப்படிப் பேசுவார், என்னென்ன சேட்டை செய்வார் என்பதையெல்லாம் அம்பேத்கர் சந்தோசமாக நடித்துக் காட்டுவாராம், முப்பது வருசத்துக்கு மேல் ஆன பிறகும். சுவரில் இருக்கும் படத்தில் அவர் சிரிப்பதில்லை. ஆனால் டில்லி வீட்டில், காலில் வலியோடு, ஒரு அமெரிக்கக் கிழவாத்தியார் ஜன்னலைப் பார்த்து வார்த்தை தேடியதை நடித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.